முதல் கடி, சில நாள் மட்டும்

அந்த வருஷம் ஈரோட்டில் யாரைக் கேட்டாலும் முதல் கடி சாப்பிட்டிருந்தார்கள். எப்படி இருந்தது என்று கேட்டால்தான் ஒருவருக்கும் சொல்லத் தெரியவில்லை. "அதையெல்லாம் சொன்னாப் புரியாதுங். சாப்பிட்டுத்தான் பாக்கோணும்" என்பார்கள். சொல்லும்போதே வாயில் எச்சில் ஊறும். ஆனால் காரமா, புளிப்பா, இனிப்பா என்று மடக்கிக் கேட்டால் திருதிருவென்று விழிப்பார்கள்.

அரங்கசாமியும் அப்படி விழித்தவர்தான். பெருந்துறை ரோட்டில் இருக்கும் சேவலகம் கடையில் வைகாசி மாதம் அது வந்தது. வரமிளகாயும் தேங்காய்ச் சில்லும் போட்டுப் பள்ளிபாளையம் பக்குவத்தில் வதக்கிய கோழி, வெண்ணெய் தடவிச் சுட்ட பன், இரண்டுக்கும் நடுவில் வெளிர்பச்சையாக ஒரு சாஸ். 'முதல் கடி, சில நாள் மட்டும்' என்று வாசலில் பலகை. அதற்குக் கீழே, 'எத்தனை முறை சாப்பிட்டாலும் முதல் முறைதான்!' விளம்பரம் என்றால் கூட்டிச் சொல்வார்கள் என்பது ஊரறிந்த விஷயம். இந்த ஒரு விளம்பரம் மட்டும் உள்ளதை உள்ளபடி சொன்னது. ஒவ்வொரு சனிக்கிழமையும் அரங்கசாமி அதைப் பிறந்ததிலிருந்து பார்க்காதவர் மாதிரி கடித்தார், அசந்துபோனார், வீட்டுக்கு வந்ததும் ருசியை மறந்தார். எண்ணெய் தேய்த்துக் குளித்தது போன்ற ஒரு சுகம் மட்டும் மனதில் தங்கியிருக்கும். அந்தச் சுகத்துக்காகவே வெள்ளிக்கிழமையிலிருந்து சனிக்கிழமைக்குக் காத்திருப்பார்.

அவருக்குச் சித்தோட்டில் துண்டு நெய்கிற தறிக்கூடம் இருந்தது. தறிகள் தாமாகவே ஓடும் காலம் வந்துவிட்டதால் முதலாளிக்கு நிறைய ஓய்வு. ஓய்வு நேரத்தில் சிந்தனை மன்றத்துக்குச் செயலாளராக இருந்து மேடையில் பேசினார். நன்றாகவே பேசுவார். "சாதி பாக்கறவன் சாப்பாட்டுல உப்புப் போட்டுச் சாப்பிடறானான்னு எனக்குச் சந்தேகமுங்க" என்று அவர் சொன்னால் கைதட்டல் அடங்க நேரமாகும். தறிக்கூடத்தில் வேலை பார்த்த இரண்டு ஜோடிகளுக்குச் சொந்தக்காரர்கள் எதிர்த்து நின்றபோதும் தாமே மாலை எடுத்துக்கொடுத்துக் கல்யாணம் செய்து வைத்திருக்கிறார். வீட்டிலும் அதட்டிப் பேசத் தெரியாதவர் என்று பெயர். "என்ற புள்ளைய நான் ஒரு சொல்லு கடிஞ்சு சொன்னதில்லீங்க" என்று யாரிடமும் சொல்வார். சொல்லும்போது குரல் கொஞ்சம் தழுதழுக்கும்.

அந்தப் பிள்ளைதான் தாரணி. சோலார் தகடு கம்பெனியில் இன்ஜினியர், இருபத்தாறு வயது. ஆனி மாதத்திலிருந்து அவளைப் பற்றித்தான் வீட்டில் கவலை. கை நடுங்கியது. காபி டம்ளரை எடுத்தால் பாதி சாசரில் இருக்கும். பின்னாலிருந்து யாராவது கூப்பிட்டால் தூக்கிப்போட்டது போல் திரும்புவாள். சாப்பாட்டு மேசையில் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்காருகிறவள், இப்போதெல்லாம் மின்விசிறிக் காற்றுகூட எட்டாத ஃப்ரிட்ஜ் ஓரத்து நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். டாக்டர் பார்த்துவிட்டு வேலை டென்ஷன் என்றார், சத்து மாத்திரை எழுதிக்கொடுத்தார். அரங்கசாமி தம் பங்குக்கு ஒரு வைத்தியம் வைத்திருந்தார். சனிக்கிழமை தவறாமல் மகளைச் சேவலகத்துக்கு அழைத்துப்போய் முதல் கடி வாங்கித் தருவது. "வாரத்துல ஒரு நாளாச்சும் புள்ள சிரிச்சுட்டு வரட்டும்" என்பார். உண்மையில் அவள் சிரித்துக்கொண்டுதான் வருவாள்.

கடையிலும் அவர்களுக்கு மரியாதை பலமாக இருந்தது. உள்ளே போனதும் பணிப்பெண்கள் இரண்டு பேர் ஓடிவந்து, கைகழுவும் இடத்தை ஒட்டிய மூலை மேசைக்கு அழைத்துப் போவார்கள். மற்ற மேசைகளில் கண்ணாடி டம்ளரில் தண்ணீர் இருக்கும், இவர்களுக்கு மட்டும் காகித டம்ளர். "நமக்குன்னு புதுசு எடுத்து வெக்கிறாங்க பாரு கண்ணு, யாரும் வாய் வெக்காதது" என்று அரங்கசாமி பெருமைப்பட்டுக்கொள்வார்.

ஒரே ஒரு முறைதான் கடையோடு மனத்தாங்கல் வந்தது. ஆவணியில் ஒரு சனிக்கிழமை, கைகழுவும் இடத்தில் தாரணி வழுக்கி விழுந்து புருவத்தில் அடிபட்டுத் தையல் போட வேண்டியதாயிற்று. விழுந்தது அவளுக்கும் நினைவில்லை, இவருக்கும் நினைவில்லை. கடைக்காரர்கள்தான் சொன்னார்கள். திங்கட்கிழமை காலையில் அரங்கசாமி நேராகப் போய் மேனேஜர் பெனாசிரைப் பிடித்துக்கொண்டார். "தரையை ஈரமாப் போட்டு வெக்கறதுக்கு இது கடையா, மாட்டுக்கொட்டாயா? என்ற பொண்ணு மொகத்துல தழும்பு உழுந்துபோச்சு! மாநகராட்சிக்கு எழுதிப்போடுவேன், கேஸ் போடுவேன்!" என்று எகிறினார். பெனாசிர் ஏதோ சொல்ல வாயெடுத்தாள், அப்புறம் கையைக் கூப்பி மன்னிப்புக் கேட்டாள். பெரிய மனிதர் இல்லையா, அரங்கசாமி மன்னித்துவிட்டார்.

புரட்டாசி பிறந்தது. அரங்கசாமியின் மனைவி பூங்கோதை, பெண்ணின் கை நடுக்கம் தீர வேண்டும் என்று பெருமாளுக்கு வேண்டிக்கொண்டாள். வேண்டிக்கொண்டது அவள், கறி சாப்பிடாமல் இருக்க வேண்டியது அவர்.

"ஏனுங்க, பெத்த புள்ளைக்காக ஒரு மாசம் வாயைக் கட்டக் கூடாதாக்கும்?"

"எனக்கு இதுலயெல்லாம் நம்பிக்கை இல்லைன்னு ஊருக்கே தெரியும் கோதை."

"ஊருக்குத் தெரிஞ்சா இருக்கட்டும். பெருமாளுக்குத் தெரிய வேண்டாம்."

மகளுக்காக என்றதும் அவரால் மறுக்க முடியவில்லை. ஆனால் முதல் சனிக்கிழமை சாயங்காலம் வந்தபோது கால் தானாகச் செருப்பைத் தேடியது. புரட்டாசி முடியும்போது முதல் கடியையும் நிறுத்திவிடுவார்களாம், பலகையில் போட்டுவிட்டார்கள். "விரதம் எனக்குத்தான் கண்ணு, உனக்கில்ல. நீ சாப்பிடு, நான் பாத்துட்டு உக்காந்திருக்கறேன். அம்மாகிட்டச் சொல்லிப்போடாத" என்று மகளைக் கிளப்பினார். புரட்டாசிச் சனிக்கிழமை பெருமாள் கோயிலுக்குப் போகாமல் கோழிக் கடைக்குப் போய்ச் சோடா குடிக்கிற விரதத்தை அவரைத் தவிர யாரும் கண்டுபிடித்திருக்க முடியாது.

கடையில் பாதி மேசைகள் காலியாக இருந்தன. மூலை மேசைக்கு வழக்கம்போல் அழைத்துப் போனார்கள், வழக்கம்போல் காகித டம்ளர். அரங்கசாமி ஒரே ஒரு முதல் கடியும் ஓர் எலுமிச்சை சோடாவும் சொன்னார்.

பணிப்பெண் நகரவில்லை. "சார், உங்களுக்கு?"

"எனக்குச் சோடாதான். புரட்டாசிம்மா."

அவள் முகம் வெளுத்துவிட்டது. உள்ளே போய் மேனேஜரை அழைத்து வந்தாள். பெனாசிர் ஒரு தட்டோடு வந்தாள். "சார், இது கடையோட அன்பளிப்புங்க. கோழி வேண்டாம்னா சும்மா அந்தச் சாஸை மட்டும் ஒரு வாய் வெச்சுக்கங்க. சைவம்தானுங்க அது."

"விரதம்னா விரதம்தானம்மா. கொண்டுபோ."

"ஒரே ஒரு வாய், சார்."

இவ்வளவு உபசாரமா என்று அரங்கசாமிக்குச் சிரிப்பு வந்தது. தட்டைத் திருப்பி அனுப்பினார். பெனாசிர் போகிற வழியில் இரண்டு முறை திரும்பிப் பார்த்தாள்.

தாரணி கடித்தாள். அவள் கண் விரிந்ததைப் பார்த்து அவருக்கே வயிறு குளிர்ந்தது.

"அப்பா! நெம்ப நல்லாருக்குதுங்ப்பா! இப்பத்தான் மொத மொதல்ல சாப்பிடறாப்பல இருக்குதுங்."

"பின்ன, பேரே அதானே? நிதானமாச் சாப்பிடு கண்ணு."

பாதி தின்றிருப்பாள். பன்னைத் தட்டில் வைத்துவிட்டுக் கையைத் துடைத்தாள். நடுங்கிய கையை இன்னொரு கையால் பிடித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"அப்பா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லோணும்."

"சொல்லு சாமி."

"எங்கூட வேலை பாக்கற வளவன்னு ஒருத்தருங்ப்பா. எனக்கு அவரைப் பிடிச்சிருக்குதுங். கல்யாணம் பண்ணிக்கலாம்னு இருக்கறோம். அம்மாகிட்டக்கூடச் சொல்லல, மொதல்ல உங்ககிட்டத்தான் சொல்றேன். வீட்டுல வெச்சுச் சொல்ல முடியல. இங்க நம்ம ரெண்டு பேரும் மட்டும்தானேன்னு…"

அரங்கசாமி சிரித்த முகமாகத்தான் இருந்தார். ஊரான் பிள்ளைகளுக்கு மாலை எடுத்துக் கொடுத்தவர் அல்லவா? "அடேங்கப்பா! இத்தனை நாளா மனசுல வெச்சிருந்தியாக்கும்? பையன் எந்த ஊரு?"

"அந்தியூர் பக்கமுங்."

"சரி." சோடாவை ஒரு வாய் குடித்தார். "வீடு ஊருக்குள்ளயா?"

தாரணி நிமிர்ந்து பார்த்தாள். "நீங்க இதைக் கேக்க மாட்டீங்கன்னு நெனச்சனுங்ப்பா."

"கேட்டதுக்குப் பதில் சொல்லு."

"ஊருக்கு வெளியதானுங்."

ஊருக்குத்தான் உபதேசம் என்று சும்மாவா சொன்னார்கள். அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்தது. அதை இங்கே எழுத முடியாது. அந்த வார்த்தையைச் சொல்கிறவர்களைச் சிறையில் போட வேண்டும் என்று அரங்கசாமியே மேடையில் பேசியிருக்கிறார். மேசையை ஓங்கிக் குத்தினார், காகித டம்ளர் கவிழ்ந்தது. "உன்னைப் படிக்க வெச்சது இதுக்குத்தானா?" என்று கத்திக்கொண்டே எழுந்தார். கை மேலே போயிருந்தது.

கை மேலே போவதற்கு முன்பே தாரணி முழங்கையால் முகத்தை மூடித் தலையைக் குனிந்துகொண்டிருந்தாள்.

அப்போதுதான் அவர் மற்றதைப் பார்த்தார். ஒரு பணிப்பெண் அவர் முன்னாலிருந்த சாஸ் பாட்டிலை ஏற்கெனவே எடுத்து இடுப்பில் வைத்திருந்தாள். இன்னொருத்தி அவருக்கும் மகளுக்கும் நடுவில் வந்து நின்றிருந்தாள். "வாங்க தாரணி, மொகம் கழுவிட்டு வந்துரலாம்" என்று பேர் சொல்லி அழைத்து, தோளில் கை போட்டுக் கைகழுவும் இடத்துக்குக் கூட்டிப்போனாள். மேசையில் சிந்திய தண்ணீரை மூன்றாமவள் துடைத்தாள். யாரும் பதறவில்லை. யாரும் யாரையும் கேட்டுச் செய்யவில்லை. தினம் அடுப்பு மூட்டுகிறவர்கள் மாதிரி செய்தார்கள். அந்தக் கடையில் அதிர்ந்துபோய் நின்ற ஒரே ஆள் அரங்கசாமிதான்.

ஓங்கிய கையை என்ன செய்வது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு உட்கார்ந்தார்.

தாரணி முகம் கழுவி வந்தாள். மூக்கு சிவந்திருந்தது. அவரைப் பார்க்காமல் மிச்சப் பன்னைத் தின்றாள். பணிப்பெண் அவளுக்கு ஒரு ஐஸ்கிரீம் கொண்டுவந்து வைத்தாள். அவள் ஐஸ்கிரீமை வழித்துத் தின்று முடிக்கும்போது, கண்ணில் ஏதோ ஒன்று மெல்ல விலகியது.

"ஏனுங்ப்பா, சோடாவை அப்பிடியே வெச்சிருக்கறீங்க? பிடிக்கலீங்ளா?" என்று கேட்டுச் சிரித்தாள்.

"தாரணி, நீ இப்ப என்கிட்ட ஒண்ணு சொன்னியே?"

"நானுங்ளா? நல்லாருக்குதுன்னு சொன்னேன். வேற ஒண்ணும் சொல்லலீங்களே?"

நடிக்கிறாளா என்று முகத்தை உற்றுப் பார்த்தார். நடிக்கவில்லை. பெற்றவருக்கு அது தெரியும். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அவள் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். "அப்பாவுக்குப் பசி போலருக்குதும்மா, மொகமே சரியில்ல" என்று பூங்கோதையிடம் சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போனாள்.

மறுநாள் காலை, கடை திறப்பதற்கு முன்பே அரங்கசாமி சேவலகத்து வாசலில் நின்றார். பெனாசிர் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்ததும் பெருமூச்சு விட்டாள்.

"வருவீங்கன்னு தெரியுமுங் சார். உள்ள வாங்க."

அவளுடைய சின்ன அறையில் இருவரும் உட்கார்ந்தார்கள். "அந்தச் சாஸுல என்னம்மா இருக்குது?" என்றார். குரல் அவருக்கே புதிதாகக் கேட்டது.

"எனக்கு முழுசாத் தெரியாதுங். கம்பெனி ட்ரெய்னிங்ல சொன்னதைச் சொல்றேன். பாலுக்கு உறை ஊத்தினா உடனே தயிர் ஆயிருங்ளா? கொஞ்ச நேரம் அசையாம இருக்கோணும். ஞாபகமும் அப்பிடித்தானாமுங். பாக்கறது, கேக்கறது, ருசிக்கறது எல்லாம் மூளையில உறையக் கொஞ்ச நேரம் எடுக்குமாம். அதுக்குள்ள கலக்கிவிட்டுட்டா உறையாது. அந்தச் சாஸ் கலக்கிவிடுதுங். கடிக்கறதுக்கு அரை மணி நேரம் முன்னாடி இருந்து, தின்னு முடிச்சு ஒரு மணி நேரம் வரைக்கும். அடுத்த தடவை சாப்பிடறப்ப மறுபடியும் மொத தடவை. எல்லா அனுமதியும் வாங்கியிருக்கறாங்க. ருசி மறக்கும்னுதான் எழுதிக்கொடுத்தாங்க போல. பேசினதும் மறக்குமான்னு யாரும் கேக்கல, இவங்களும் சொல்லல."

"ஒருத்தனுக்குமா சந்தேகம் வராது?"

"பழகின ரோட்டுல வண்டி ஓட்டிட்டு வீடு வந்து சேந்துடறோம். வழியில என்ன பாத்தோம்னு கேட்டாத் தெரியாது. அதுக்காகப் பயப்படறோமுங்ளா? மனசு அந்த ஓட்டையைத் தானா அடைச்சுக்குதுங். ரெண்டு பேரும் சாப்பிட்டா வம்பே இல்ல. ஒருத்தர் சாப்பிட்டு ஒருத்தர் சும்மா உக்காந்திருந்தாத்தான் வெளிய வரும். கோழிக் கடைக்கு வந்துட்டு யாரு சார் சும்மா உக்காருவா? புரட்டாசின்னு ஒரு மாசம் இருக்கறது கம்பெனிக்காரங்களுக்குத் தெரியவே தெரியாதுங். எங்களுக்குத்தான் ஆவணி கடைசியில இருந்தே வயித்துல புளியக் கரைச்சுட்டு இருந்துது."

அரங்கசாமி கேட்க வந்த கேள்வியை எத்தனை சுற்றிப் போனாலும் கேட்டுத்தான் ஆக வேண்டியிருந்தது. "என்ற பொண்ணு… இதுக்கு முன்னாடியும் சொல்லியிருக்குதா?"

"ஆனி மாசத்துல இருந்து, ஒவ்வொரு சனிக்கிழமையுமுங். பாவம், தைரியத்தைச் சேத்துக்கிட்டு வரும். அது பாட்டுக்குச் சொல்லும். நீங்க அதே கேள்வியைக் கேப்பீங்க. ஊருக்குள்ளயான்னு." பெனாசிர் மேசையைப் பார்த்துக்கொண்டு பேசினாள். "அப்புறம் நேத்து மாதிரிதானுங்."

"அப்ப ஆவணியில…"

"தரை காஞ்சுதான் இருந்துதுங் சார்."

அவர் காட்டச் சொன்னார். அவள் வேண்டாம் என்றாள். அவர் மறுபடியும் கேட்டார். கடைக் கேமராவின் பதிவை அவள் திருப்பி வைத்தாள். சத்தம் இல்லை. மூலை மேசையில் நீலச் சட்டை போட்ட ஒருவன் எழுந்து நிற்கிறான். அது தாரணி தன் முதல் சம்பளத்தில் எடுத்துக் கொடுத்த சட்டை. அந்த ஆள் வாயைப் பிளந்து கத்துகிறான், கண்ணாடி டம்ளரை எடுத்து எதிரே இருக்கிற பெண்ணின் முகத்தில் எறிகிறான். அவள் புருவத்தைப் பொத்திக்கொண்டு குனிகிறாள். ஆள் உட்கார்ந்து தன் பன்னை எடுத்துக் கடிக்கிறான். அந்தக் கடிதான் அரங்கசாமியால் தாங்க முடியவில்லை. ரசித்துக் கடித்தான்.

"இது நானில்லம்மா" என்றார். "அந்த மருந்து. அதுதான் மனுசனைக் கிறுக்கனாக்கிப்போட்டுது."

"மருந்து மறக்கத்தான் வெக்குமுங் சார். கோவம் அதுல இல்ல. எத்தனையோ குடும்பம் வந்து தின்னுட்டுச் சிரிச்சுப் பேசிட்டுப் போகுது." அவள் பதிவை நிறுத்தினாள். "அதுவுமில்லாம, நேத்து நீங்க சாப்பிடவே இல்லீங்களே."

வெளியே யாரோ ஷட்டரைத் தூக்கும் சத்தம் கேட்டது.

"இதை ஏம்மா எங்கிட்டச் சொல்லல?"

"சொன்னோமுங். ஆடியில ஒரு தடவை, கடையிலயே. நீங்க தேம்பித் தேம்பி அழுதீங்க. எங்க கையைப் புடிச்சுட்டு இனிமே இப்பிடி நடக்காதுன்னு சத்தியம் பண்ணுனீங்க. ஒரு மணி நேரம் கழிச்சு அதுவும் போயிருச்சு. அடுத்த வாரம் பழையபடி. டம்ளரை எறிஞ்சப்பறம் நீங்க தரையைப் பத்திச் சண்டைக்கு வந்தீங்களே, அன்னிக்கும் வாயெடுத்தேன். கேஸ் போடுவேன்னீங்க. எனக்கு வேலை போயிரும்னு பயம் வந்துருச்சுங். பொய் சொன்னது என்ற தப்புதான். அன்னிக்கிருந்து உங்க மேசைக்கு மட்டும் காகித டம்ளரை வெச்சோம். எங்களால ஆனது அவ்வளவுதானுங்."

மரியாதை என்று அவர் நினைத்திருந்த டம்ளர்.

"சரி" என்றார். "தாரணிக்கு ஒண்ணும் ஞாபகமில்லையல்ல? ஒண்ணுமே?"

"நடந்தது ஞாபகம் இருக்காதுங். ஆனா அதுல உண்டான உணர்ச்சி போகாதுன்னு ட்ரெய்னிங்ல சொன்னாங்க. அது வேற எடத்துல போய்த் தங்கிருமாம். அதை வெச்சுத்தான் யாவாரமே. ருசி மறந்தாலும் சந்தோசம் நிக்குதுல்லீங்ளா, அதனாலதான் ஆளுக மறுபடியும் வர்றாங்க."

"எனக்குச் சனிக்கிழமை சாயங்காலம் ஆனா மனசு லேசாயிரும். எண்ணெய் தேச்சுக் குளிச்சாப்பல…" என்று ஆரம்பித்த அரங்கசாமி பாதியில் நின்றுவிட்டார். நாலு மாதமாக அவருக்குப் பிடித்துப்போயிருந்தது எது? கோழியா, கத்தலா?

பெனாசிர் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. "கோழி நல்லாத்தானுங் இருக்கும், சார்" என்று மட்டும் சொன்னாள். பிறகு, "புகார் கொடுக்கறதா இருந்தாக் கொடுங்க. நான் சாட்சி சொல்றேன். ஆனா இந்தப் பதிவையும் சேத்துத்தான் கேப்பாங்க" என்றாள்.

காரில் வரும்போது அரங்கசாமியின் மனது கணக்குப் போட ஆரம்பித்தது. மனித மனது எந்த நிலையிலும் தனக்கு ஒரு சந்து தேடும். தாரணிக்குத் தெரியாது. பூங்கோதைக்குத் தெரியாது. கடைக்காரர்கள் வேலைக்குப் பயந்து வாய் திறக்க மாட்டார்கள். புரட்டாசி முடிந்தால் அந்தப் பன்னே இருக்காது. இன்றைக்கே பிள்ளையிடம் பேசிச் சம்மதம் சொல்லிவிட்டால், அவள் அறிந்த அப்பா மேடையில் பேசுகிற அப்பாதான். அந்த ஆளாகவே மாறிவிடுவது என்று தீர்மானித்தார். நிஜமாகவே தீர்மானித்தார், அதில் பொய் இல்லை.

பூங்கோதை கோயிலுக்குப் போயிருந்தாள். தாரணி ஃப்ரிட்ஜ் ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்து அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள்.

"கண்ணு, உன்ற மனசுல ஏதாச்சும் இருந்தா அப்பாகிட்டச் சொல்லு. யாரையாச்சும் பிடிச்சிருந்தாலும் சரி."

அவரைக்காய் கையிலிருந்து விழுந்தது. அவள் எழுந்தாள், நடுங்கிய கையை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டாள். நேற்றுச் சொன்ன அதே வார்த்தைகள், அதே வரிசையில் வந்தன. எங்கூட வேலை பாக்கற வளவன்னு ஒருத்தருங்ப்பா. அரங்கசாமிக்கு ஒவ்வொரு வார்த்தையும் ஊசியாக இறங்கியது. அந்தக் கேள்வி நாக்கின் நுனிக்கு வந்தது, வரத்தான் செய்தது. அதை விழுங்கிக்கொண்டார்.

"வரச் சொல்லு சாமி. அவிய அப்பா அம்மாவையும் கூட்டிட்டு வரச் சொல்லு. அம்மாகிட்ட நான் பேசிக்கறேன்."

தாரணி அப்படியே நின்றாள். அப்புறம் அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. "அப்பா, நான் பைத்தியமாட்டப் பயந்துட்டு இருந்தனுங்ப்பா! நீங்க ஒண்ணும் சொல்ல மாட்டீங்கன்னு நல்லாத் தெரியும். நீங்க ஊருக்கே செஞ்சு வெக்கறவரு. ஆனா உங்ககிட்டச் சொல்றதை நெனச்சாலே தொண்டையை அடைக்கும், கை உதறும். ஏன்னே தெரியலீங்."

அரங்கசாமிக்குக் கண் நிறைந்துவிட்டது. எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தார். மகளின் தலையைத் தடவிக்கொடுக்கக் கையைத் தூக்கினார்.

தாரணியின் முழங்கை சட்டென்று முகத்தை மறைத்தது. தலை குனிந்தது. பின்னால் போன வேகத்தில் நாற்காலி சாய்ந்து ஃப்ரிட்ஜில் இடித்தது. நேற்று மேசையில் பார்த்த அதே குனிதல். பதிவில் பார்த்த அதே குனிதல்.

தாரணி மெல்லக் கையை இறக்கினாள். வெட்கத்தில் முகம் சிவந்துவிட்டது. "அய்யோ, என்னங்ப்பா இது… பாருங்க, நான் ஒருத்தி!" என்று சிரித்தாள். சிரிக்கும்போது புருவத் தழும்பு சுருங்கியது. பேச்சை மாற்றுகிற அவசரத்தில், "வாங்ப்பா, இன்னிக்கே சேவலகம் போலாம். முதல் கடி இந்த மாசத்தோட நிறுத்தறாங்கள்ல? இந்த மாதிரி நாள்ல ரெண்டு பேரும் ஒட்டுக்கா சாப்பிடோணும். நீங்களும்தான். உங்க விரதத்தைப் பெருமாள் மன்னிச்சுக்குவாரு" என்றாள்.

மன்னிப்பு அவ்வளவு சுலபமாக, வெண்ணெய் தடவிச் சுட்டு, தட்டில் வைத்துக் கிடைக்கும். இப்போதே போய்ச் சாப்பிட்டால் இந்தக் குனிதலும் மறந்துபோகும், இதற்கு முன் சொன்ன சம்மதமும் மறந்துபோகும். அடுத்த சனிக்கிழமை அவள் மறுபடியும் தைரியத்தைச் சேர்த்துக்கொண்டு வந்து உட்காருவாள். அவளுக்கு எதுவும் தெரியாமல் இருக்கும், உடம்புக்கு மட்டும் எல்லாம் தெரியும்.

அரங்கசாமி தூக்கிய கையைப் பார்த்தார். அது நடுங்கியது. இன்னொரு கையால் அதைப் பிடித்துக்கொண்டார்.

"வேண்டாம் கண்ணு. அங்க இனி போக வேண்டாம். உக்காரு. உங்கிட்ட நான் ஒண்ணு சொல்லோணும்."

"என்னங்ப்பா?"

"உக்காரு."

அவர் பக்கத்தில் மின்விசிறிக்கு நேர் கீழே இரண்டு நாற்காலிகள் காலியாக இருந்தன. தாரணி அவரையே பார்த்தபடி, சாய்ந்துகிடந்த நாற்காலியை நிமிர்த்தி, ஃப்ரிட்ஜ் ஓரத்திலேயே போட்டு, அவர் கை எட்டாத தூரத்தில் உட்கார்ந்தாள்.